கோல்ஃப் ஸ்விங்கில் பாதமும் இடுப்பும்: புதியவர்களுக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

கோல்ஃப் கற்கத் தொடங்கிய சில மாதங்களில் பலரும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். கைப்பிடி சரியாகிவிட்டது, பந்தும் ஓரளவு படுகிறது. ஆனால் நேற்று நேராகப் பறந்த பந்து இன்று தரையைக் கொத்திக்கொண்டு நாலடி உருள்கிறது, இல்லையென்றால் வலது பக்கம் வளைந்து காட்டுக்குள் போகிறது. ரேஞ்ச்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) யாரைக் கேட்டாலும் "இடுப்பைத் திருப்புங்க சார்" என்பார்கள். எப்போது திருப்ப வேண்டும், எந்தப் பாதத்தை ஊன்றிக்கொண்டு திருப்ப வேண்டும் என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. நானும் இதே இடத்தில் நெடுநாள் தவித்தேன். பயிற்சியாளர்களிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, எந்த வரிசையில் எனக்குக் கிடைத்திருந்தால் காசும் காலமும் மிச்சமாகியிருக்குமோ அந்த வரிசையில் இங்கே தருகிறேன்.

கீழே உள்ள எல்லாப் படிகளும் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். மட்டை மேலிருந்து இறங்கும்போது கை முந்தக் கூடாது. அதற்கு முன்பே இடது பாதம் தரையை அழுத்தியிருக்க வேண்டும். இது நடந்தால் இடுப்பு தானாகத் திரும்பும். இது நடக்காமல் இடுப்பை மட்டும் வலிந்து திருப்பினால் புதுப் பிரச்சினைதான் வரும்.

வலக்கையர்களுக்காக எழுதியிருக்கிறேன். இடக்கையர்கள் வலது என்று வரும் இடத்தில் இடது என்றும், இடது என்று வரும் இடத்தில் வலது என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. பந்தைத் தொடும் முன் உடம்பைச் சோதித்துப் பாருங்கள்

இதற்குப் பைசா செலவில்லை, பத்து நிமிடம் போதும். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இந்தப் படியைத்தான். கணுக்காலோ இடுப்பு மூட்டோ இறுகிப் போயிருந்தால், எந்தப் பயிற்சியாளர் சொல்லும் அசைவையும் உங்கள் உடம்பு வேறு வழியில்தான் செய்யும். அப்படிச் செய்யும்போது பாரம் முழுக்க முதுகில் இறங்கும்.

முதலில் கணுக்கால். வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் சுமார் 10 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட முடிகிறதா? இரண்டு காலிலும் பாருங்கள். முடியாவிட்டால் உங்கள் கணுக்கால் இறுக்கமாக இருக்கிறது. ஸ்விங்கின் (மட்டையை வீசும் அசைவின்) நடுவில் நீங்கள் அடிக்கடி விரல் நுனிக்குப் போய்விடுவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

அடுத்தது இடுப்பு மூட்டு. உயரமான நாற்காலியிலோ மேசை விளிம்பிலோ உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால்களைப் பிரிக்காமல் ஒவ்வொரு பாதமாக வெளிப்பக்கம் விலக்குங்கள். எந்தப் பக்கம் குறைவாக விலகுகிறதோ அந்தப் பக்கம் உள்சுழற்சி (தொடை உள்நோக்கித் திரும்பும் அளவு) குறைவு. பேக்ஸ்விங்கில் (மட்டையைப் பின்னால் மேலே கொண்டுபோகும்போது) வலது இடுப்புக்கும், அடித்து முடிக்கும்போது இடது இடுப்புக்கும் இந்த உள்சுழற்சிதான் தேவைப்படுகிறது. நம்மில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பழக்கம். அதனால் இடுப்பு நன்றாகத் திரும்பும் என்று நினைத்துக்கொள்வோம். சம்மணத்தில் பழகுவது வெளிச்சுழற்சி. அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்சுழற்சி குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. தனியாகச் சோதியுங்கள்.

மூன்றாவதாக, ஒற்றைக் காலில் அரை நிமிடம் ஆடாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்விங் முடியும்போது கிட்டத்தட்ட இடது காலில் மட்டும்தான் நிற்கப்போகிறீர்கள்.

முழங்காலிலோ முதுகிலோ பழைய காயம் இருந்தால், பயிற்சியாளரிடம் போகும் முன் ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. அறிக்கை, அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். "இடது முழங்காலில் திருகுவிசை தாங்குமா?" என்று நேராகவே கேளுங்கள். டைகர் உட்ஸ் 2008 அமெரிக்க ஓபனை டோரி பைன்ஸ் மைதானத்தில் வென்றபோது அவருடைய இடது முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது, கால் எலும்பிலும் விரிசல்கள் இருந்தன. அதன் பின் அந்த ஆண்டு முழுக்க அவரால் ஆட முடியவில்லை. உலகத்தின் சிறந்த உடற்கட்டு உள்ளவருக்கே இடது முழங்கால் இவ்வளவு தொல்லை கொடுக்கிறது என்றால், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

2. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

முதல் மாதம் பெரிய செலவு வேண்டவே வேண்டாம். கீழுடம்பு வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படுபவை மூன்றுதான்.

ஒன்று, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ. ஓட்டப்பயிற்சிக்கான தடித்த மெத்தை ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதில் குதிகால் உயர்ந்து நிற்கும். பக்கவாட்டில் அழுத்தம் மாறும்போது பஞ்சு அமுங்கிப் பாதம் வழுக்கும். கோல்ஃப் ஷூ வாங்குவதென்றால் சில ஆயிரங்களில் தொடங்கும். முள் இல்லாத ரப்பர் அடிப்பாகமே பாய் விரித்த ரேஞ்ச்சுக்குப் போதும். ஈரமான புல்லில் அடிக்கடி ஆடுபவர்களுக்கு மென்முள் ஷூ நல்லது. பழைய உலோக முள் ஷூ யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெரும்பாலான மைதானங்களில் அதற்கு அனுமதி கிடையாது.

இரண்டு, திசை பார்க்க இரண்டு நீளக் குச்சிகள். கடையில் விற்கும் ஜோடிக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் மெல்லிய பிவிசி குழாயை வெட்டி வாங்கினால் மிக மலிவு.

மூன்று, பழைய முகப்பவுடர் டப்பா. எதற்கென்று எட்டாவது படியில் சொல்கிறேன்.

அழுத்தம் காட்டும் மின்னணுப் பாய், இடுப்பில் மாட்டும் சென்சார், ஆன்லைனில் விற்கும் இடுப்புப் பட்டை எதையும் இப்போது வாங்காதீர்கள். பாதத்தில் அழுத்தம் எப்போது மாறுகிறது என்பதை உணரத் தெரியாதவருக்கு அந்த எண்கள் எதையும் சொல்லித் தராது.

3. ரேஞ்ச்சுக்குள் போகும் முன்

பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பந்தடிக்கக்கூடிய ரேஞ்ச்சும் உண்டு, உறுப்பினருடன் மட்டுமே உள்ளே விடும் கிளப்பும் உண்டு. கிளம்பும் முன் ஃபோன் செய்து கேளுங்கள்: விருந்தினருக்கு அனுமதி உண்டா, ஒரு வாளிப் பந்துக்கு என்ன கட்டணம், மட்டை வாடகைக்குக் கிடைக்குமா, உங்கள் பயிற்சியாளரை வெளியிலிருந்து அழைத்து வரலாமா? கடைசிக் கேள்வி முக்கியம். வெளிப் பயிற்சியாளரைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். பிள்ளைகளை ஜூனியர் பயிற்சியில் சேர்ப்பதென்றால் வயதுச் சான்றும் எடுத்துப் போங்கள். காலர் வைத்த டி‑ஷர்ட் போடுங்கள். ஜீன்ஸுக்கு நிறைய கிளப்புகளில் தடை உண்டு.

4. நிற்கும் விதம்

நடுத்தர அயனுக்கு (நடுத்தர நீளமுள்ள இரும்பு மட்டை) இரண்டு பாதங்களுக்கும் இடையே தோளகலம் இருக்கட்டும். டிரைவருக்கு (மிக நீளமான மட்டை) கொஞ்சம் கூடுதல், வெட்ஜுக்கு (பந்தை உயரத் தூக்கும் குட்டை மட்டை) கொஞ்சம் குறைவு. அகலமாக நின்றால் பலம் கூடும் என்று எண்ணி அளவுக்கு மீறிக் கால் பரப்புபவர்கள்தான் அதிகம். கால் மிக அகன்றால் இடது பக்கம் போய்ச் சேர முடியாமல் நடுவிலேயே நின்றுவிடுவீர்கள்.

வலது பாதம் கிட்டத்தட்ட நேராக, இடது பாதம் இலக்கை நோக்கி 20 முதல் 30 பாகை வரை திரும்பி இருப்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். பழைய அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனும் வலது பாதத்தை நேராக வைத்து இடது பாதத்தைச் சற்றே வெளியே திருப்பச் சொன்னவர்தான். ஆனால் முதல் படியில் வலது இடுப்பு இறுக்கம் என்று தெரிந்தால் வலது பாதத்தையும் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். பேக்ஸ்விங் தானாக நீளும். இடது இடுப்பு இறுக்கம் என்றால் இடது பாதத்தை இன்னும் சற்று வெளியே திருப்புங்கள். முழங்காலில் விழும் திருகல் குறையும்.

பாரம் ஷூ லேஸுக்குக் கீழே, பாதத்தின் நடுவில் இருக்க வேண்டும். நின்ற நிலையிலேயே கால் விரல்களை ஷூவுக்குள் லேசாகத் தூக்கிப் பாருங்கள், பிறகு குதிகால்களை லேசாகத் தூக்கிப் பாருங்கள். இரண்டும் சுலபமாக முடிந்தால் நடுவில்தான் நிற்கிறீர்கள்.

கிரிக்கெட் ஆடிவிட்டு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேட்ஸ்மேன் முன்காலைப் பந்தின் பக்கம் எடுத்து வைத்து, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுபோவார். அங்கே அது நல்ல பழக்கம். இங்கே பந்து அசையாமல் கிடக்கிறது; தலை இலக்குப் பக்கம் ஓடினால் டிரைவரில் பந்து தாழ்ந்தோ வளைந்தோதான் போகும். இடது பாதத்துக்கு அழுத்தம் போக வேண்டும், தலை கூடவே போகக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்து உணர கிரிக்கெட் ஆடியவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நாள் ஆகும்.

5. பேக்ஸ்விங்: வலது பாதத்தின் உள்பக்கம்

மட்டை நகரத் தொடங்கியதுமே அழுத்தம் வலது பாதத்துக்குப் போக வேண்டும். போய்ச் சேரும் இடம் பாதத்தின் உள்பக்கமும் குதிகாலும். மட்டை உச்சிக்குப் போகும்போது தோள் சுமார் 90 பாகையும் இடுப்பு சுமார் 45 பாகையும் திரும்பியிருப்பது ஒரு பொதுக் கணக்கு. வலது முழங்கால் கொஞ்சம் நிமிரலாம், தவறில்லை. வெளிப்பக்கம் சாயத்தான் கூடாது.

இங்கே இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. முதலாவது, திரும்புவதற்குப் பதில் முழு உடம்பும் வலது பக்கம் நகர்வது. பாரம் வலது பாதத்தின் வெளி விளிம்பில் ஏறிவிட்டால், மட்டை இறங்கும் அந்தக் கால் நொடியில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வலது ஷூவின் வெளி விளிம்புக்கு அடியில் ஒரு பழைய கோல்ஃப் பந்தை வைத்து மெதுவாக ஸ்விங் செய்யுங்கள். பாதம் உள்பக்கம் சாய்ந்தே இருப்பதால் வெளியே சாயும் முயற்சி உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது பொறி, "தலையை அசைக்காதே" என்ற அறிவுரை. கேட்டவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு தலையை ஆணியடித்ததுபோல் வைத்தால், பேக்ஸ்விங்கில் பாரம் இடது காலிலேயே தங்கிவிடும். அடிக்கும்போது பின்னால் சாயும். செய்ய வேண்டியதற்கு நேர் எதிர் இது. பேக்ஸ்விங்கில் தலை ஒன்றிரண்டு அங்குலம் வலப்பக்கம் போனால் பரவாயில்லை.

இடது குதிகாலைத் தூக்கலாமா? தூக்கலாம். அமெரிக்க ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் தன் நல்ல காலம் முழுக்க இடது குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார். இடுப்பு இறுக்கமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நான் இதைத் தயங்காமல் சொல்வேன். தூக்கிய குதிகாலை மீண்டும் அதே இடத்தில் வைக்கத் தெரிந்தால் அடுத்த படி பாதி முடிந்த மாதிரி.

6. திரும்பும் நொடி

இந்தப் படியில்தான் நாள் கணக்கில் செலவிட வேண்டும்.

சராசரியாக மட்டை மேலே போக முக்கால் நொடி, உச்சியிலிருந்து பந்தைத் தொடக் கால் நொடி ஆகிறது. கால் நொடியில் யோசித்து எதையும் செய்ய முடியாது. அதனால் கீழ்நோக்கிய வேலை, மட்டை இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களிடம் இதைத்தான் பார்க்கிறோம்: கைகள் உச்சியை எட்டும் முன்பே அழுத்தம் வலது பாதத்திலிருந்து கிளம்பிவிடுகிறது, இடது கை தரைக்கு இணையாக இறங்கி வரும்போது அதில் பெரும்பகுதி இடது பாதத்தில் இருக்கிறது.

அசைவை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். முதலில் இடது பாதம் தரையை அழுத்துகிறது; முதலில் பாதத்தின் முன்மேட்டில் (விரல்களுக்குப் பின்னால் உள்ள தடித்த பகுதியில்) உணர்வீர்கள், அப்புறம் குதிகால் பக்கம் போகும். உடனே இரண்டு முழங்கால்களுக்கும் இடையே இடைவெளி கூடி உடம்பு சற்றே தாழ்கிறது, பாதி உட்காருவது மாதிரி. பிறகு இடது கால் தரையை உதைத்து நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் இடது இடுப்பைப் பின்னால் தள்ளி உடம்பைத் திருப்புகிறது. இடுப்புக்குப் பின் மார்பு, மார்புக்குப் பின் கை, கடைசியாக மட்டை.

இந்த வரிசை உங்கள் உடம்புக்கு ஏற்கனவே தெரியும். ஒரு கல்லைப் பக்கவாட்டில், தாழ்வாக, குளத்து நீரில் தத்தித் தத்திப் போகிற மாதிரி எறிந்து பாருங்கள். கை முன்னால் வருவதற்கு முன் இடது கால் ஊன்றிவிடும். யாரும் சொல்லித் தந்ததில்லை. பந்தடிக்கும் முன் இப்படி நாலைந்து தடவை வெறுங்கையால் எறிவதைப் போலச் செய்துவிட்டு மட்டையை எடுங்கள்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் இன்னொன்று செய்யலாம். முள் ஆடுகிற பழைய வகையாக இருந்தால் இன்னும் நல்லது. இடது பாதத்தைக் கருவியின் மேல் வையுங்கள், வலது பாதத்துக்கு அதே உயரத்தில் ஒரு பலகை. 70 கிலோ எடை உள்ளவருக்கு நிற்கும்போது முள் 35ஐ ஒட்டி இருக்கும். மட்டை இல்லாமல் மிக மெதுவாகப் பேக்ஸ்விங் செய்தால் முள் இறங்கும். கை உச்சிக்குப் போகும் முன்பே முள் மறுபடி ஏறத் தொடங்குகிறதா என்று மட்டும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கை இறங்கத் தொடங்கிய பிறகுதான் முள் ஏறுகிறது என்றால் உங்கள் கோளாறு முழுக்க அங்கேதான் இருக்கிறது. வேகமாக ஸ்விங் செய்து பார்க்க வேண்டாம். முள் காட்டுவதும் நம்பகமாக இருக்காது, கருவியிலிருந்து விழவும் வாய்ப்புண்டு.

இந்தப் படியில் மூன்று பேர் மூன்று விதமாகத் தவறுவார்கள். பாரம் வலது காலிலேயே இருக்க இடுப்பை மட்டும் சுழற்றுபவருக்குத் தோள் முன்னே வந்து, மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டி, பந்து இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் வளையும். "இடுப்பைத் திருப்பு" என்ற அறிவுரையால் கெட்டவர்களில் பெரும்பாலானோர் இந்த ரகம். இரண்டாமவர் திரும்பாமல் இடுப்பை இலக்குப் பக்கம் தள்ளிக்கொண்டே போவார்; அவருடைய இடது இடுப்பு இடது பாதத்தைத் தாண்டி வெளியே நீண்டுவிடும். அவர் இடது பாதத்துக்கு வெளியே ஒரு குச்சியைத் தரையில் நட்டு, இடுப்பு அதைத் தொடலாம் ஆனால் சாய்க்கக் கூடாது என்று பழக வேண்டும். மூன்றாமவர் இடுப்பைப் பந்தை நோக்கி முன்னே தள்ளி, நிமிர்ந்துவிடுவார். கைக்கு இடம் இல்லாமல் போய்ப் பந்து மட்டையின் கழுத்தில் படும். முதுகுவலி முதலில் வருவதும் இவருக்குத்தான். இவர் புட்டத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியின் முதுகைத் தொட்டபடி வைத்துக்கொண்டு, பேக்ஸ்விங்கில் வலது புட்டமும் இறங்கும்போது இடது புட்டமும் அதைத் தொட்டே இருக்கும்படி பழகட்டும்.

7. பந்து பட்ட பிறகு வலது பாதம்

பந்தைத் தொடும் நேரத்தில் வலது குதிகால் சற்று எழுந்து, பாதம் உள்பக்கம் உருண்டிருக்கும். முடிக்கும்போது பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்கும், வலது பாதம் விரல் நுனியில் நிற்கும், உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு வலது ஷூவின் அடிப்பாகம் முழுக்கத் தெரியும். அப்படியே மூன்று எண்ணும் வரை ஆடாமல் நில்லுங்கள்.

புல் ரேஞ்ச்சில் விடியற்காலைப் பனி இருந்தால் உங்கள் கால்தடத்தையே படிக்கலாம். அடித்து முடித்த பிறகு வலது ஷூ நுனி இருந்த இடத்தைப் பாருங்கள். பனி கலைந்து ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தால் பாதம் அதே இடத்தில் சுழன்றிருக்கிறது, நல்லது. பந்தின் பக்கம் நீண்ட கோடு இழுத்திருந்தால் இடுப்பு முன்னே வந்திருக்கிறது. தடம் தட்டையாக, குதிகாலோடு முழுசாக அப்படியே இருந்தால் பாரம் வலது காலை விட்டுப் போகவே இல்லை.

தொலைக்காட்சியில் பார்ப்பதை இங்கே காப்பியடிக்க வேண்டாம். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லரின் வலது பாதம் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். அப்படியே ஆடித்தான் 2022, 2024 மாஸ்டர்ஸ் போட்டிகளையும் பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். ஜஸ்டின் தாமஸும் லெக்ஸி தாம்சனும் பந்தடிக்கும்போது இரண்டு குதிகால்களும் தரையை விட்டு எழும்பும். தரையை அவர்கள் உதைக்கும் வேகத்தின் விளைவு அது. விளைவை மட்டும் எடுத்து நாம் செய்தால் சமநிலைதான் போகும்.

8. பயிற்சிகளை இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்து, 9 அயனில் பாதி வேகத்தில் அடியுங்கள். சமநிலை தவறினால் உடனே தெரியும். இதில் பந்து சுத்தமாகப் படாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அடுத்தது கால் எடுத்து வைக்கும் பயிற்சி. பாதங்களைச் சேர்த்து நின்று பேக்ஸ்விங் தொடங்குங்கள். மட்டை மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து ஊன்றி, பிறகு அடியுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் பயிற்சிகளையும் விட இதுவே மேல். கால் ஊன்றாமல் அடிக்கவே முடியாது என்பதால் வரிசை தானாகப் படிகிறது. முதலில் பந்து இல்லாமல், அப்புறம் டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) வைத்த பந்து, அப்புறம் தரைப் பந்து.

மூன்றாவது, வலது பாதத்தை ஒரு ஷூ நீளம் பின்னுக்கு இழுத்து விரல் நுனியில் ஊன்றி, கிட்டத்தட்ட இடது காலில் மட்டும் நின்று அரை ஸ்விங். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும்.

பாய் விரித்த ரேஞ்ச்சில் ஒரு ஆபத்து உண்டு. பந்துக்கு முன்பே மட்டை பாயில் பட்டாலும் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் நன்றாகவே பறக்கும். அதே அடியைப் புல்லில் அடித்தால் மட்டை மண்ணில் சிக்கும். இதற்குத்தான் பவுடர். பந்துக்கு நாலு விரல் பின்னால் பாயில் குறுக்காகப் பவுடர் தூவுங்கள். அயனில் அடித்த பிறகு பவுடர் கலையாமல் இருந்தால் அழுத்தம் நேரத்துக்கு இடது பக்கம் வந்திருக்கிறது. கலைந்திருந்தால் பந்து எங்கே விழுந்தாலும் மகிழ்ச்சிப்பட ஒன்றுமில்லை. பயிற்சி முடிந்ததும் பாயைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

வீடியோ எடுப்பதென்றால் ஃபோனை வழக்கம்போல் மார்பு உயரத்தில் வைப்பதோடு, ஒரு தடவை தரையிலேயே ஷூ உயரத்தில், நேர் எதிரே வைத்து மெதுஓட்டத்தில் எடுங்கள். பாதத்தை மட்டும் பாருங்கள். மட்டை படத்துக்குள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

9. எத்தனை நாள், எவ்வளவு காசு

வாரத்தில் மூன்று நாள் வீட்டில் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாள் ரேஞ்ச்: இப்படிப் போனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான வேகத்தில் அடிக்கும்போதும் மாற்றம் தெரியத் தொடங்கும். முதல் இரண்டு வாரம் பந்தே வேண்டாம். மூன்றாவது வாரத்தில் தூரம் குறைந்து, பந்து படும் விதமும் மோசமாகும். பலர் அந்த வாரத்தில்தான் பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வாரம் போட்டியோ நண்பர்களுடன் பந்தய ஆட்டமோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாளிப் பந்தைப் பதினைந்து நிமிடத்தில் காலி செய்வது காசை வீணாக்குவது. மூன்று தடவை வெறும் ஸ்விங், ஒரு பந்து என்ற கணக்கில் போனால் அதே வாளி ஒரு மணி நேரம் வரும். சென்னை மாதிரி ஊரில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வியர்வையில் பாதம் ஷூவுக்குள் வழுக்கத் தொடங்கினால் பழகியது கெடும். மாற்று சாக்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும்.

பயிற்சியாளருக்குப் பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். வகுப்பு எத்தனை நிமிடம்? பந்துக் கட்டணம் உள்ளடங்குமா? வீடியோ எடுத்து அனுப்புவாரா? வராமல் போனால் பணம் என்ன ஆகும்? பத்து வகுப்புக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். அந்த வகுப்பில் அவர் உங்கள் பாதத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். நல்லவர் கிடைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும். நடுவில் பழக நாள் வேண்டும்.

10. மைதானத்தில் இறங்கும்போது

ரேஞ்ச்சில் பாதத்துக்கு முன் குச்சி வைத்துப் பழகிய கையோடு மைதானத்திலும் வைத்துவிடாதீர்கள். பாதத்தையோ உடம்பையோ ஒழுங்குபடுத்த மட்டையையோ குச்சியையோ தரையில் வைத்து நிலை எடுத்தால், 2019 முதல் அமலில் உள்ள விதி 10.2பி-யின்படி ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டமுறை) இரண்டு அடிகள் கூடுதலாகச் சேரும் தண்டனை. பிறகு விலகி நின்று குச்சியை எடுத்துவிட்டாலும் தண்டனை போகாது.

மணலில் பாதத்தை ஓரளவு புதைத்து நிற்க விதி இடம் தருகிறது. பங்கரில் (மணற்குழியில்) புதைத்து நின்ற பிறகு கீழுடம்பை அடக்கி வையுங்கள். அழுத்தம் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் இடது பக்கம் இருக்கட்டும். சின்ன சிப் அடிக்கும் (குழிக்கு அருகிலிருந்து லேசாகத் தூக்கிவிடும் அடி) அப்படியே. பட்டிங்கில் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும்போது) இடுப்புக்குக் கீழே எதுவும் அசையக் கூடாது.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலை மைதானங்களில் சமதளம் கிடைப்பதே அரிது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்து, முக்கால் ஸ்விங் மட்டும் செய்யுங்கள். ஏற்றத்தில் ஒரு எண் குறைந்த, நீளமான மட்டை. பந்து பாதத்தை விட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் போகும்; அதற்கேற்ப இலக்கைத் தள்ளி வையுங்கள். மழைக்குப் பிறகு ஈரப் புல்லிலும் இதே முக்கால் ஸ்விங்தான்.

ஹேண்டிகேப் (ஆட்டத்திறனை அளக்கும் எண்; திறமை குறைந்தால் எண் கூடும்) எடுக்க 54 குழிகளுக்கான ஸ்கோர் கார்டு வேண்டும். 9 குழி, 18 குழி எப்படிச் சேர்த்தாலும் சரி. 2020இல் வந்த உலக முறையில் 54.0 வரை ஹேண்டிகேப் கிடைப்பதால் ஸ்கோர் மோசமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஆனால் மூன்றாவது வாரக் குழப்பம் தீர்ந்த பிறகு அந்தக் கார்டுகளைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கார்டிலும் உடன் ஆடியவர் கையெழுத்து இருக்கிறதா என்று மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.